வெள்ளூத்தில் முளைத்த கால்கள்

வெள்ளூத்தில் முதல் கால் முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று தும்பக்காட்டில் நாங்கள் எல்லோரும் பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தோம், முழங்கை வரைக்கும் பால் ஒட்டியிருந்தது, அதனால் உடனே போய்ப் பார்க்க யாருக்கும் கை ஒழியவில்லை. தண்ணீருக்குப் போய் வந்த பெண்கள் "ஊத்துல ஒரு காலு மொளச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தார்கள், நாங்களும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு அடுத்த பழத்தில் கயிற்றைக் கட்டினோம்.

வெள்ளூத்தின் சுபாவம் எங்களுக்குப் பழகியதுதான். கல்வராயன் மலையின் மேற்குச் சரிவில், மூங்கில் புதரைத் தாண்டி, நாவல் மரங்கள் கூடி நிற்கிற ஒரு பள்ளத்தில், பாறை இடுக்கிலிருந்து சுண்டுவிரல் பருமனில் கசிந்து வருகிற தண்ணீர் அது. குடித்தால் இனிக்கும், ஆனால் தன்மேல் கிடப்பதையெல்லாம் கல்லாக்கிவிடும். உதிர்ந்த இலை ஒரு மழைக்காலம் அங்கே கிடந்தால் நரம்பு நரம்பாகக் கல் இலை ஆகும், நண்டின் ஓடு கல் ஆகும், மறந்துவிட்டுப் போன சீப்பு பல் பல்லாகக் கல் ஆகும். ஊர்க்கவுண்டர் ஒருமுறை அங்கே தொலைத்த மூக்குக்கண்ணாடி இரண்டு வருஷம் கழித்து வெள்ளைக் கல்லாகக் கிடைத்தது. அதையும் அவர் மாட்டிப் பார்த்துவிட்டு "முன்னைக்கு இப்பத் தேவல" என்றார். கீழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார் வந்து, சின்ன பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுக் கல் நுரைப்பதைப் பார்த்து, "சுண்ணாம்புப் படிவு, உலகத்துல நெறைய எடத்துல உண்டு" என்று நோட்டில் எழுதிக்கொண்டு, கல் இலை நாலு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அத்தோடு வெள்ளூத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். கணுக்கால் வரைக்கும் ஒரு இடது கால், வெள்ளைக் கல், உள்ளங்கால் வானத்தைப் பார்க்க நின்றது. பாறைக்குள் யாரோ தலைகீழாக நின்றுகொண்டு ஒற்றைக் காலை வெளியே நீட்டிய மாதிரி இருந்தது. குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. தண்ணீர் அந்த வெடிப்புகளுக்குள் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது.

இது யார் கால் என்று கேட்க வேண்டுமானால் தும்பக்காட்டில் ஒருத்தியிடம்தான் கேட்க வேண்டும். காசியம்மா முள் எடுப்பவள். எங்கள் மலையில் செருப்பு நிலைக்காது, நிலைத்தாலும் ஈச்சமுள்ளும் இண்டமுள்ளும் அதைத் துளைத்துக்கொண்டு ஏறும், மூங்கில் சிலாம்பு சதைக்குள் போய் ஒடிந்துகொண்டு வாரக்கணக்கில் சீழ் வைக்கும். அப்போதெல்லாம் நாங்கள் நொண்டிக்கொண்டு போய் அவள் வாசலில் உட்கார்ந்து காலை அவள் மடியில் நீட்டுவோம், அவள் எருக்கம்பால் வைத்து, ஊசியால் நோண்டி, வலி தெரியாமல் இருக்க நம்மையே ஏதாவது திட்டிக்கொண்டு எடுத்துவிடுவாள். ஊரில் நூற்று முப்பது பேர், அத்தனை பேருடைய பாதமும் அவள் மடியில் ஏறி இறங்கியவை. முகம் மறந்தாலும் மறப்பாள், பாதம் மறக்கமாட்டாள்.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். "பொன்னன் காலு. சுண்டுவெரலு பன்னிப் பொறியில போனதுதான்."

பொன்னன் குடகில் மிளகு பறிக்கப் போயிருந்தான். ஒன்பது நாள் கழித்து, செல்போன் சிக்னல் கிடைக்கிற டவர் பாறையில் ஏறி நின்ற ஒருவருக்குப் போன் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சில்வர் ஓக் மரத்திலிருந்து பொன்னன் விழுந்துவிட்டான், அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். நாங்கள் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம், கால் முளைத்த அதே செவ்வாய்.

மழை முடிவதற்குள் இன்னொரு கால் முளைத்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியில் வேலைக்குப் போன தீர்த்தனுடையது அது. தை மாதம் ஒன்று, சித்திரையில் ஒன்று. மலையைவிட்டுக் கீழே போனவர்கள் கீழேயே செத்தால் ஊற்றில் கால் முளைக்கிறது, ஊரிலேயே செத்தவர்களுக்கு முளைப்பதில்லை, அவ்வளவுதான் நாங்கள் கண்டுபிடித்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்ன செய்வது என்றுதான் கேட்டோம், ஏனென்றால் எங்கள் ஊரில் எதுவும் ஒருமுறை நடந்தால் நடந்ததோடு போகும், இரண்டுமுறை நடந்தால் அதற்கு முறை வகுத்தாக வேண்டும்.

ஊர்க்கவுண்டர் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டு முறை வகுத்தார். கால் முளைத்ததைப் பார்த்தவர் தொடக்கூடாது. காசியம்மா வந்து யார் கால் என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் காலுக்குப் பால் ஊற்றிச் செத்தவர் பெயரை மூன்றுமுறை கூப்பிட வேண்டும், தாய்மாமன் கொடுவாளின் பின்பக்கத்தால் ஒரே போடாகப் போட்டுக் காலை ஒடித்துக் கீழ்க்குட்டையில் விட வேண்டும், எல்லோரும் முழுகிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். கால் ஒடியாமல் நிற்கும்வரை ஊர் முழுக்கத் தீட்டு; கோயில் திறக்கக்கூடாது, கல்யாணம் கூடாது, விதை மண்ணில் விழக்கூடாது. பிணம் பார்க்காமல் ஏமாந்து கிடந்த எங்களுக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொன்னன் காலுக்கு ஊரே மாரில் அடித்துக்கொண்டு அழுதது, தீர்த்தன் காலுக்கு அவன் தெரு அழுதது, சித்திரையில் முளைத்த காலுக்கு அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கொஞ்சம் அழுதார்கள், அதுவும் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. தினம் காலையில் குடத்தோடு போகிற பெண்கள் பாறையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றால் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதில் நிம்மதி என்று ஒன்று இருந்ததா என்றால், இல்லை. எங்களுக்குள் ஏதோ மரத்துப்போயிருந்தது. அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது கால் ஆனி மாதம் முளைத்தது. முதல் மழை பெய்து மண் பொதபொதவென்று இருந்தது, வீட்டுக்கு வீடு சாமை விதை எடுத்து வைத்துவிட்டோம், மறுநாள் விதைப்பு. காசியம்மாவுக்கு ஆள் போயிற்று, அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

அது சின்னக் கால். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம், அந்த விரலுக்குக் கீழே உள்ளங்காலில் நாலு மூலையும் இழுத்துக்கொண்ட ஒரு தழும்பு. மூங்கில் முளை ஏறிய தழும்பு. எட்டு வயதில் அந்தக் காலுக்குரியவள் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு, "அம்மா நோண்டாத, உள்ளயே இருக்கட்டும், நான் நொண்டியே நடந்துக்கறேன்" என்று கெஞ்சிய கெஞ்சலைக் காசியம்மாவைத் தவிர யாரும் கேட்டதில்லை. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது, காசியம்மா வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் குனிந்திருந்தாள், பிறகு நிமிர்ந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியல. நம்ம ஊருக் காலு இல்ல."

ஊர்க்கவுண்டர் நம்பவில்லை. "நம்ம ஊரு ஊத்துல வேற எந்த ஊருக் காலு மொளைக்கும்? நல்லாப் பாரு."

"பாத்துட்டங்க. தெரியல."

அவள் வீட்டுக்குப் போய், தணித்த அடுப்பை மறுபடி மூட்டி, கேழ்வரகுக் களி கிண்டி, கீரை கடைந்து, இரண்டு உருண்டை சாப்பிட்டாள். பசித்தது. தனக்குப் பசித்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் சட்டியில் ஒட்டியதையும் வழித்துச் சாப்பிட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே மகள், ரஞ்சிதா; புருஷன் செத்தபிறகு அந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவள் அவள். ரஞ்சிதா கோயமுத்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய், அங்கிருந்து யாரோ தோழியோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், போன புரட்டாசியில் ஒருமுறை போன் செய்து "தீவாளிக்கு வரம்மா" என்று சொன்னாள். அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டால் ஒரு டீக்கடைக்காரர் எடுத்து, அப்படி ஆயிரம் பேர் இங்கே வந்து போன் பேசுவார்கள் என்றார். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு காசியம்மா டவர் பாறை வரைக்கும் நடந்துபோய் அதே நம்பரை அழுத்தினாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் மூன்று பாஷையில் சொன்னாள்.

அவளுடைய யோசனை இவ்வளவுதான்: பெயரைக் கூப்பிட்டால்தான் செத்தது. கூப்பிடாத வரைக்கும் அது ஒரு கல்.

ஊரில் விதைப்பு நின்றது. மழை தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது, ஈரம் ஏறிய மண்ணில் களைதான் முளைத்தது, எடுத்து வைத்த சாமையில் வண்டு விழுந்தது. கீழே ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் டவர் பாறையில் வரிசையாக ஏறிப் போன் செய்தார்கள், எல்லோருடைய ஆளும் எடுத்து "நல்லாத்தான் இருக்கேன், என்ன இப்ப" என்று சலித்துக்கொண்டார்கள். இரண்டே பேருக்குத்தான் போன் செய்ய நம்பர் இல்லை: ஒருத்தி காசியம்மா, இன்னொருத்தி வெள்ளச்சி. வெள்ளச்சியின் மகன் குமரேசன் பதினாறு வயதில் ஆட்டைச் சாமைக்குள் விட்டுவிட்டு அப்பனிடம் அடி வாங்கி, அன்றைக்கே மலை இறங்கிப் போனவன். ஆறு வருஷம் ஆயிற்று. தன் மகள் காலைத் தெரியாமலா இருப்பாள் என்று காசியம்மாவை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த வகையில் நாங்கள் சுத்தமான முட்டாள்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வெள்ளச்சி காசியம்மா வாசலுக்கு வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். காசியம்மா பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முள்ளு எங்கடி?"

"முள்ளு இல்ல யக்கா. பேசத்தான் வந்தேன்." வெள்ளச்சி காலை எடுக்கவில்லை. "அந்தக் காலு எம் பையன் காலுன்னு சொல்லிடு."

"எப்படிச் சொல்றது? பெரிய பையன் காலு மாதிரியா இருக்குது அது?"

"போவும்போது அவனுக்குப் பதினாறு வயசுதான? அப்பப் பாத்த காலுதான் வரும். ஆறு வருசமா அவன் தட்டக் கழுவிக் கவுத்து வெக்கறேன் யக்கா. சோறு போட்டதில்ல, ஆனா தெனம் கழுவறேன். செத்தான்னா செத்தான்னு ஒரேயடியா அழுதுட்டு நானும் மத்த பொம்பளைங்க மாதிரி இருந்துட்டுப் போறேன். ஊரும் வெதைக்கட்டும்."

"உசுரோட இருந்தா?"

"இருந்தா ஒரு தடவ வந்து எட்டிப் பாக்க மாட்டானா? பெத்தவ நெனப்பு வராதா?"

காசியம்மா அந்தப் பாதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு குதிகாலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். கல் ஒடிந்தால் ஊர் அதை மறந்துவிடும். பால் ஊற்றும்போது கூப்பிடப்போவது குமரேசன் பெயரை. ரஞ்சிதா பெயரை யாரும் எடுக்கப்போவதில்லை. இப்படி அவள் கணக்குப் போட்டாள், அந்தக் கணக்கில் எங்கும் தப்பு இருப்பதாக அவளுக்குப் படவில்லை.

"ஆமாடி. அவன் காலுதான். முதல்லயே சொல்லியிருக்கணும், சந்தேகமா இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் முறை நடந்தது. ஆறு வருஷத்து வளர்ச்சியைப் பற்றியோ, ஆண் கால் பெண் கால் பற்றியோ ஒரு வாய்கூடப் பேசவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் விதைக்க வேண்டியிருந்தது. வெள்ளச்சி ஆட்டுப்பால் ஊற்றினாள். பிறகு அழுதாள். எங்கள் ஊர் அழுகையை மறந்து வெகுநாள் ஆகியிருந்தது, அன்று வெள்ளச்சி அதை ஞாபகப்படுத்தினாள். கழுவிக் கவிழ்த்த தட்டைச் சொல்லி அழுதாள், அடித்த அப்பனைத் திட்டி அழுதாள், குழந்தையில் தவழ்ந்த தடத்தைச் சொல்லி அழுதாள், கல்லான அந்தப் பாதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு விரல் விரலாக முத்தம் கொடுத்தாள். உறவில்லாத பெண்கள் ஊற்றுக்கு மேலே, மூங்கில் ஓரமாக நிற்க வேண்டும். காசியம்மா அங்கே நின்றவள் தன்னையறியாமல் நாலு எட்டு கீழே இறங்கிவிட்டாள்.

"யக்கா, நீ அங்கயே நில்லு," என்று நாங்கள்தான் சொன்னோம். "ஒனக்கு எதுக்குத் தீட்டு?"

அவள் ஏறிப்போய் நின்றுகொண்டாள். வெள்ளச்சியின் அண்ணன் கொடுவாளைத் திருப்பி ஒரு போடு போட்டான், கால் கணுக்காலில் ஒடிந்தது, கீழ்க்குட்டையில் விழுந்து மறைந்தது. காசியம்மாவின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எல்லோரும் முழுகினோம், அன்று மத்தியானமே விதைத்தோம்.

சாமை நன்றாக விளைந்தது. அதற்கப்புறம் ஊற்றில் கால் ஏதும் முளைக்கவில்லை, இலைகள்தான் கல்லாகிக்கொண்டிருந்தன. காசியம்மா முள் எடுத்தாள், ஆனால் திட்டுவதை விட்டுவிட்டாள், அதனால் எங்களுக்கு வலித்தது. ஒருநாள் அவள் காலிலேயே ஒரு இண்டமுள் முழுசாக ஏறி நின்றதை வெள்ளச்சிதான் பார்த்துச் சொன்னாள். எத்தனை நாளாக நடந்தாளோ, அவளுக்குத் தெரியவே இல்லை.

ஐப்பசியில் பாறைக் களத்தில் சாமையை அடித்துத் தூற்றிக்கொண்டிருந்தபோது மினி பஸ் வந்து நின்று போனது. ஒரு ஆள் பெட்டியோடு இறங்கி வந்தான், பின்னால் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. களத்துக்கு நாலு அடி தள்ளி நின்று அவன், "அம்மா இருக்குதா?" என்று கேட்டான்.

வெள்ளச்சி முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.  ஊர்க்கவுண்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"டேய், ஷூவக் கழட்டு."

குமரேசன் ஒன்றும் புரியாமல் கழற்றினான். இரண்டு கால், பெரிய பெரிய கால், பத்து விரலும் இருந்தன, தரையில் பட்டுக்கொண்டும் இருந்தன. போர்வண்டியோடு ஒரிசா வரைக்கும் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அப்பன் மேல் இருந்த கோபம் ஆறுவதற்கு இவ்வளவு நாள் பிடித்ததாக அவன் சொல்லச் சொல்ல வெள்ளச்சி அவன் முதுகில் பொத்துப் பொத்தென்று அடித்தாள், சிரித்தாள், குழந்தையைப் பிடுங்கி முகர்ந்தாள். பால் ஊற்றின பெயரை மறுபடி வைத்துக்கொள்ளலாமா, புதுப் பெயர் வைக்க வேண்டுமா என்று ஊர்க்கவுண்டர் அங்கேயே முறை வகுக்கத் தொடங்கிவிட்டார்.

குழந்தையை முகர்ந்துகொண்டிருந்த வெள்ளச்சி அப்படியே நின்றாள். குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். நாங்களும் திரும்பினோம். காசியம்மா களத்தின் மறுகோடியில் எங்களுக்கு முதுகு காட்டித் தூற்றிக்கொண்டே இருந்தாள். தூற்றின சாமையையே மறுபடி அள்ளித் தூற்றிக்கொண்டிருந்தாள்.

"யக்கா," என்றாள் வெள்ளச்சி. "அப்ப நான் யாருக்குப் பால் ஊத்துனேன்?"

முறம் நின்றது. 

"ரஞ்சிதாவுக்கு" என்றாள் காசியம்மா.

 ஐந்து மாதம் அவள் மடியில் காலை நீட்டியிருக்கிறோம், உன் பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்கயே நில்லு என்று சொன்னது எங்கள் வாய்தான்.

வெள்ளச்சி பதரை மிதித்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  "நான் நல்லா அழுதேன் யக்கா," என்றாள். "ஒரு கொறையும் வெக்கல. நீதான் பாத்தியே."

"பாத்தேன். நல்லா அழுத." காசியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "பேரு மட்டும் மாறிப்போச்சு. இன்னொருக்கா அழுவறியா, அவ பேரச் சொல்லி? எனக்கு வரமாட்டேங்குது வெள்ளச்சி. அஞ்சு மாசமாப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது."

வெள்ளச்சி தன் மகனை ஒருமுறை பார்த்தாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் திரும்பி, காசியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியோடு நெற்றி வைத்து, அந்தப் பட்டப்பகலில், மகன் வீடு திரும்பிய நாளில், குரலெடுத்து அழத் தொடங்கினாள்.

"மூங்கி மொளை ஏறுனப்ப
முந்தானையக் கடிச்சவளே, ரஞ்சிதா,
தீவாளிக்கு வரேன்னியே
தெருவெல்லாம் பாத்திருந்தேன், ரஞ்சிதா..."

மூங்கில் முளை வெள்ளச்சிக்கு எப்படித் தெரியும் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவள் கல்லை விரல் விரலாக முத்தமிட்டவள், தழும்பை உதட்டால் பார்த்திருப்பாள்; முள் எடுக்கும்போது துணியைக் கடிக்காத பிள்ளையும் எங்கள் ஊரில் கிடையாது. நாங்கள் ஒவ்வொருவராக முறத்தை வைத்துவிட்டு அவர்களைச் சுற்றி உட்கார்ந்தோம். மூன்றாவது முறை ரஞ்சிதா என்று கூப்பிட்டபோது, கூப்பிட்டது காசியம்மா.